மூலையில் மூன்று கட்டைவிரல்

சிமெண்டு மேஸ்திரி என்ற பெயரை வைத்தது ஊர். வைத்த நாளிலிருந்து அதைத் துடைத்து மினுக்கி வைத்துக்கொண்டவர் அவர்.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போயிற்று. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பது அவர் கட்சி. பத்து வயதில் மண் சட்டி சுமந்து, பதினாலில் சுண்ணாம்பு நீற்றி, இருபதில் பூச்சுக் கரண்டி பிடித்து, முப்பதில் பத்துப் பேரை நிற்கவைத்து வேலை வாங்கியவர். சிபாரிசு கிடையாது. கை கொடுத்துத் தூக்கிவிட மாமனார் கிடையாது. "என்னை யாரும் ஏத்தி விடல. நான் கட்டின சாரத்துல நானே ஏறினவன்" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

சுண்ணாம்பு நீற்றிய அந்த ஆறு வருஷத்தை மட்டும் அவர் மன்னிக்கவே இல்லை. விரலிடுக்கெல்லாம் வெந்து, சோற்றில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். பிறகு சிமெண்டு வேலைக்கு மாறினார். இன்று பூசினால் நாளைக்குக் கல்லாகி நிற்கும் அந்தச் சாம்பல் பொடியைப் பார்த்ததும், இத்தனை காலமும் தன்னை யாரோ ஏமாற்றி வந்ததாகவே அவருக்குப் பட்டது. அன்றோடு சுண்ணாம்புக்குத் தலைமுழுகினார். அப்புறம் எதற்கும் சிமெண்டுதான். ஒழுகும் தொட்டிக்குச் சிமெண்டு, ஆடும் மேஜைக் காலுக்குச் சிமெண்டு, எலிப் பொந்துக்குச் சிமெண்டு. "பல்லுல ஓட்டை விழுந்தாக்கூட இந்த மனுஷன் டாக்டர்கிட்டப் போகமாட்டாரு. கண்ணாடி முன்னால கரண்டியோட நிப்பாரு" என்று அவர் மனைவி சொல்வாள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சுவரைப் பூசி முடித்தாலும், ஈரம் காய்வதற்குள், தரையோடு சேரும் வலது மூலையில் குந்தி, தன் கட்டைவிரலை மூன்று தரம் அழுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். மூன்று குழி, வரிசையாக. இளவயதில் ஏதோ ஒரு ஆபீசில் இவர் காகிதத்தில் விரல் வைத்ததைப் பார்த்து ஒரு குமாஸ்தா "கைநாட்டா?" என்று சிரித்தானாம். மறுநாளே தொடங்கிய பழக்கம் அது. "காகிதத்துல வச்சாத்தான்யா கைநாட்டு. சுவத்துல வச்சா அது கையெழுத்து" என்பார். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவன் எவனாவது அகப்பட்டால், பக்கத்துச் சுவர் வரை இழுத்துப்போய்க் குனியவைத்துக் காட்டிவிட்டுத்தான் விடுவார்.

அவருக்கு அறுபத்தாறு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார்.

பழைய மாடி வீடு. கீழே கருங்கல் அஸ்திவாரம், அதன்மேல் செங்கல், எல்லாமே சுண்ணாம்புக் காரையில் டீச்சரின் தாத்தா காலத்தில் கட்டியது. வெளிச்சுவரைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு மட்டும் பிற்காலத்தில் யாரோ சிமெண்டு பூசியிருந்தார்கள். கிழக்குச் சுவரில் தரையிலிருந்து ஜன்னல் வரை ஒரு வெடிப்பு ஏறியிருந்தது. பென்சிலைச் சொருகினால் நிற்கும். சமையலறைக் கதவு சாத்த வரவில்லை. நாற்காலி முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்.

"தரை இறங்கிடுச்சு மேஸ்திரி. உருளைக்கிழங்கு கை தவறி விழுந்தா, அதுவே உருண்டு அந்த மூலைக்குப் போய் உக்காந்துக்குது" என்றார் டீச்சர்.

"எத்தனை நாளா?"

"உருளைக்கிழங்கா? ரெண்டு வருஷமா. வெடிப்பு இப்பத்தான். நகராட்சி இஞ்சினியர் வெள்ளிக்கிழமை வர்றார். அஸ்திவாரம் போச்சுன்னு அவர் எழுதிட்டா வீட்டை இடிச்சாகணும். அப்புறம் நான் தம்பி வீட்டுக்குத்தான் போகணும். தம்பி நல்லவன். தம்பி பொண்டாட்டி அவனைவிட நல்லவ. தான் நல்லவங்கிறதை ஒரு நாளைக்கு நாலு தடவை ஞாபகப்படுத்துவா." டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பாத்துச் சொல்லுங்க. நிக்கும்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னாப் போதும். நான் அவர்கிட்ட மல்லுக்கு நின்னுடுவேன்."

இப்படி யாராவது கேட்டால் மேஸ்திரிக்கு மார்பு இரண்டு அங்குலம் விரியும். உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். வெடிப்பை ஒட்டி அந்தச் சிமெண்டுப் பூச்சில் ஒரு கையகலம் பிளந்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தால், முக்கால் மணி நேரம் ஆயிற்று. சுத்தியல் துள்ளித் துள்ளித் திரும்பி வந்தது. 'பரவாயில்லையே, எவனோ வேலை தெரிஞ்சவன்' என்று நினைத்துக்கொண்டார்.

பூச்சு கடைசியில் ஒரு ஓடாகப் பெயர்ந்தது. பின்னாலிருந்து செங்கல் வரவில்லை. செங்கலின் பொடி வந்தது. சிவப்பாக, ஈரமாக, மூட்டை பிரிந்ததுபோல் அவர் மடியில் கொட்டிற்று. உள்ளே கை விட்டார். முழங்கை வரை போயிற்று. இன்னும் கீழே துழாவினால் கருங்கல் தட்டுப்பட்டது. அது மட்டும் குத்துக்கல்லாக அசையாமல் இருந்தது.

ஒரு நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தரையிலிருந்து ஈரம் ஏறுவது எந்தச் சுவருக்கும் உள்ளதுதான். சுண்ணாம்புச் சுவர் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். காற்றும் வெயிலும் கொண்டுபோகும். அதன்மேல் சிமெண்டுச் சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டுவிட்டால் ஈரம் எங்கே போகும்? உள்ளேயே ஊறி, செங்கலைத் தின்றுகொண்டு மேலே ஏறும். ஆறு வருஷம் கை வெந்து கற்ற பாடம். வேண்டாம் என்றாலும் மறக்கவில்லை.

"டீச்சரம்மா! எந்தப் புத்திகெட்டவன் இந்த வேலையைப் பார்த்தது? அவன் கையை ஒடிக்கணும்!"

"எனக்குத் தெரியாதே மேஸ்திரி. அப்பா இருக்கும்போது யாரையோ வச்சுப் பூசினார். நான் அப்ப வெளியூர்ல வேலையில இருந்தேன். ஏன், அவன் என்ன பண்ணினான்?"

"என்ன பண்ணினானா? சொல்றேன் கேளுங்க..." என்று எழுந்தவர், பூச்சு எதுவரை ஓடுகிறது என்று பார்ப்பதற்காக வலது மூலையில் இருந்த பூந்தொட்டியை நகர்த்தினார்.

மூன்று குழி. வரிசையாக.

மேஸ்திரி திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்தத் தெருவில் முப்பது வருஷத்துக்கு முன் வரிசையாக வேலை பார்த்தது அவருக்குச் சன்னமாக நினைவு வந்தது. அன்று இந்த மதில் இல்லை, இந்தக் கேட்டும் இல்லை. வீட்டை அடையாளம் தெரியவில்லை, விரலைத் தெரிந்துவிட்டது.

"என்ன மேஸ்திரி? சொல்றேன்னீங்களே?"

"ஒண்ணுமில்ல டீச்சரம்மா. பழைய வீடு... வயசாச்சு" என்றார். தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். போதாது என்று தன் சாக்குப்பையையும் அதன்மேல் சாத்தினார். பிறகு, உடைத்த ஓட்டையை அப்படியே விட மனசு வராமல், கொஞ்சம் சிமெண்டு குழைத்து நன்றாக அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டில் அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கட்டிய கட்டடங்களைப் பற்றிப் பேசாமல் அந்த மனுஷன் ஒரு வாய் இறக்கியதில்லை.

"என்னங்க, ரேடியோ ஓடலையே. ஜுரமா?"

நடந்ததைச் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டாள்.

"அப்ப அவன் கையை ஒடிக்கணும்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா, சொன்னேன்."

"எந்தக் கையை?"

மேஸ்திரி சோற்றில் இருந்த தன் வலது கையைப் பார்த்தார்.

"சாப்பிட்டு முடிங்க. அப்புறமா ஒடிச்சுக்கலாம்" என்றாள் அவள்.

"விளையாடாதே. நாப்பத்தாறு வருஷமா கரண்டி பிடிச்சுச் சம்பாதிச்ச பேரு. மூணாங்கிளாஸ் படிச்சவனுக்கு வேற என்ன இருக்கு? இந்தச் செவுத்தைக் கெடுத்தது சிமெண்டு மேஸ்திரின்னு ஒருத்தன் வாயில விழுந்தாப் போதும். நான் வெளிய தலைகாட்ட முடியுமா?"

"சொல்லலைன்னா?"

"இஞ்சினியர் அஸ்திவாரமே செத்துப்போச்சுன்னு எழுதுவாரு. மேல பார்த்தா அப்படித்தான் தெரியும். ஆனா கல்லு நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போனது நடுவுல ஒரு மூணடிச் செங்கல். மாத்தினா வீடு நிக்கும்."

"ஆகக்கூடி, நிக்கிற வீட்டை இடிக்கப்போறாங்க. அது உங்களுக்கு மட்டும் தெரியும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உங்க பேரை நீங்க தினமும் ரெண்டு தடவை பூசிக்கிட்டுத்தான் இருக்கீங்க. நாளைக்கும் பூசிக்கலாம். அந்தம்மாவுக்கு இருக்கிறது ஒரே வீடு."

வெள்ளிக்கிழமை வந்தது. மேஸ்திரி போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தன்னை விட்டுவிட்டு ஒரு கட்டடத்தைப் பற்றி இரண்டு பேர் பேசுவதை அவரால் சகிக்க முடியாது. போனார். போனவர் பூந்தொட்டியை ஒட்டியே நின்றுகொண்டார்.

இஞ்சினியர் முப்பது வயசுக்காரர். மினுமினுவென்று ஷூ. கையில் ஃபைல். அன்றைக்கு இன்னும் ஆறு வீடு பார்க்க வேண்டுமாம். பேனாவின் முனையால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். நாடி பிடிப்பதுபோல் வெடிப்பின்மேல் ஒரு விரலை வைத்தார். சமையலறைக்குள் எட்டிப்பார்த்தார். டீச்சர் தயாராக ஒரு உருளைக்கிழங்கைத் தரையில் விட்டுக் காட்டினார். அது உருண்டு போய் மூலையில் உட்கார்ந்தது. இஞ்சினியர் அதையும் குறித்துக்கொண்டார்.

"அஸ்திவாரம் ஆயுசு முடிஞ்சுடுச்சும்மா. அந்தக் காலத்துக் கல்லு, சுண்ணாம்பு. இவ்வளவு நாள் தாங்கினதே பெருசு. இடிச்சுடுறதுதான் பாதுகாப்பு."

டீச்சர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. வேற வழியே இல்லையா?"

மேஸ்திரி பூந்தொட்டியைப் பார்த்தார். "சார்... படிச்சவரு. சார் சொன்னாச் சரியா இருக்கும்" என்றார். நாற்பத்தாறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. கேட்ட அவருக்கே அது யாரோ பேசியதுபோல் இருந்தது.

டீச்சர் குனிந்து உருளைக்கிழங்கை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இஞ்சினியர் ஃபைலில் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, சும்மா இருந்திருக்கலாம், ஷூ முனையால் சிமெண்டுப் பூச்சை ஒரு தட்டுத் தட்டினார். "இது வேற. எவனோ அரைகுறை ஆளு பூசியிருக்கான். கை வச்சா உதிர்ந்துடும். பத்துச் சட்டி மணலுக்கு ஒரு சட்டி சிமெண்டு கலந்திருப்பான்."

மேஸ்திரிக்குக் காது சிவந்தது.

"என்ன சார் சொன்னீங்க?"

"பூச்சைச் சொன்னேன் பெரியவரே. மட்டமான வேலை."

"உதிர்ந்துடுமா?"

"உதிர்ந்துடும்."

"உதிர்த்துக் காட்டுங்க!" மேஸ்திரி சுத்தியலை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. நீங்க இளவட்டம். நான் கிழவன். அடிங்க, பாப்போம். ஒரு பொருக்கு உதிரட்டும், இந்த மீசையை இங்கயே எடுத்துடுறேன்!"

டீச்சர் முன்னால் வேறு வழியில்லாமல் இஞ்சினியர் ஃபைலை வைத்துவிட்டு ஓங்கி அடித்தார். டங் என்றது. சுத்தியல் துள்ளியதில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னொண்ணு போடுங்க சார். கூச்சப்படாதீங்க. கேட்டீங்களா சத்தத்தை? வெண்கலம் சார், வெண்கலம்! முப்பது வருஷம் ஆச்சு. மழை பார்த்துச்சு, வெயில் பார்த்துச்சு. ஒரு சொட்டு ஈரத்தை வெளிய விட்டிருக்குமா இந்தப் பூச்சு? மட்டமான வேலையாம்! இது யாரு வேலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

பூந்தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தார்.

மூன்று குழியையும் டீச்சர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அப்போதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்று உணர்ந்து, தொட்டியைத் திரும்ப வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். காலம் கடந்துவிட்டது.

"ஒரு சொட்டு ஈரத்தை வெளிய விடலைன்னு சொன்னீங்களே" என்றார் இஞ்சினியர் மெதுவாக. மணிக்கட்டு வலித்தாலும் மூளை வேலை செய்தது. "அப்ப ஈரம் எங்க போச்சு?"

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார்.

"உள்ளதான் போச்சு. செங்கல்லைத் தின்னுடுச்சு. உங்களுக்கு அஸ்திவாரம் செத்த மாதிரி தெரியுது. சாகல. கல்லு அப்படியே இருக்கு, நான் கையை விட்டுப் பார்த்தேன். நடுவுல செங்கல்தான் போயிருக்கு. அதுக்கும் வயசு காரணமில்ல, தாத்தா கட்டினதும் காரணமில்ல." நிறுத்தினார். மீதி ஒரே மூச்சில் வந்தது. "நான் போட்ட சட்டைதான் காரணம். ஆனா ஒண்ணு சார், இவ்வளவு இறுக்கமா வேற எவனாலயும் போட்டிருக்க முடியாது."

டீச்சர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "திங்கக்கிழமையே தெரியுமா மேஸ்திரி?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும் டீச்சரம்மா."

"கையை ஒடிக்கணும்னு சொன்னீங்க."

"வேலை முடியட்டும். அப்புறம் ஒடிச்சுக்கோங்க. இப்போதைக்கு இந்தக் கை வேணும்."

பூச்சைத் திறந்து காட்டினால்தான் தன் எழுத்தை மாற்றுவேன் என்றார் இஞ்சினியர். மேஸ்திரியும் அவருடைய பழைய ஆட்கள் இரண்டு பேரும் மாறி மாறி அடித்தார்கள். அன்று பொழுதும் மறுநாள் பாதியும் போயின. ஒவ்வொரு அடிக்கும் வேர்வையை வழித்துவிட்டு, "பார்த்தீங்களா, எப்படிப் பிடிச்சிருக்கு!" என்று மேஸ்திரி பெருமைப்பட்டுக்கொண்டார். ஆட்களில் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, கொஞ்சம் சுமாரா வேலை செஞ்சு பழகியிருக்கக் கூடாதா?" என்றார். திறந்தபோது பொடி கொட்டியது. அடியில் கருங்கல் முழுசாக இருந்தது. திரும்பி வந்த இஞ்சினியர் அதன்மேல் ஷூவோடு ஏறி நின்று குதித்துப் பார்த்தார். பிறகு இரண்டு மாதத்தில் பழுதுபார்த்து முடித்தால் இடிக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்.

செய்தி தெருவில் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் ஒரு மனுஷன் நிமிர்ந்து நடக்கவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டு வலது மூலையில் குந்தியிருந்தார்கள். செடியை விலக்கினார்கள், பெயிண்டைச் சுரண்டினார்கள். "இங்க இருக்கு! மூணு!" என்று எதிர்வீட்டில் ஒரு குரல் கிளம்பியது. நான்கு வீடு தள்ளி ஒரு பெண், "எங்க வீட்டுல இல்ல" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, பிறகு மாமியாரிடம், "ஏன் அத்தே, நம்ம வீட்டுக்கு மட்டும் சுமாரான மேஸ்திரியா வந்தான்?" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

பழுதுபார்ப்பதுதான் நிஜமான தண்டனை. சிமெண்டு ஆகாது, சுண்ணாம்புதான். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் தலைமுழுகியதை மேஸ்திரி மறுபடியும் தொட்டியில் போட்டு நீற்றினார். புகைந்தது, கொதித்தது, விரலிடுக்கு வெந்தது. "நீ இன்னும் திருந்தல" என்று அதைப் பார்த்துச் சொன்னார். மாடிப் பாரத்தைத் தாங்க மரமுட்டுகள் கொடுத்து, சுவரை ஒரேயடியாகப் பிரிக்காமல் ஒரு முழம் எடுத்து, அடுத்த முழத்தை விட்டு, அதற்கடுத்ததை எடுத்தார். செத்த செங்கல்லைக் கையாலேயே அள்ளினார். கல்லின் முகத்தைக் கழுவி, புதுச் செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் கலவையில் அடுக்கினார். மேல்வரிசை பழைய சுவரோடு சேரும் இடத்தில் உடைந்த கல்சில்லை இறுக்கி அடித்தார். அப்புறம் காத்திருந்தார். அது இறுகிய பிறகுதான் விட்ட முழத்தில் கை வைக்க முடியும்.

காத்திருப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. டீச்சர் தினமும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் அதே ஒரு முழம்தானா மேஸ்திரி?"

"சுண்ணாம்பு புது மாப்பிள்ளை மாதிரி டீச்சரம்மா. அவசரப்படுத்தினாக் கோவிச்சுக்கும்."

"சிமெண்டு?"

"அது வீட்டோட மாப்பிள்ளை. மறுநாளே கால்மேல கால் போட்டு உக்காந்துக்கும். அப்புறம் கிளப்ப முடியாது."

"அதான் பாத்தேனே" என்றார் டீச்சர்.

ஐம்பத்தெட்டாம் நாள் முட்டுகளை எடுத்தார்கள். மேஸ்திரி ஒவ்வொரு முட்டையும் தட்டித் தளர்த்தியபோது, அவர் மீசை நடுங்கியதை இரண்டு ஆட்களும் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்கள். கடைசி முட்டும் விழுந்தது. வீடு நின்றது. தரையையும் தூக்கி மட்டம் செய்திருந்தார். டீச்சர் ஒரு உருளைக்கிழங்கை எடுத்து நடுவில் வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெளியே சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருந்தது. மேஸ்திரி பழக்கதோஷத்தில் வலது மூலைக்குப் போய்க் குந்தினார். கட்டைவிரலை நீட்டியவர், திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

"வையுங்க மேஸ்திரி" என்றார் டீச்சர். "நாளைக்கு ஏதாவது ஆனா யாரைக் கூப்பிடணும்னு தெரியணும்ல."

இஞ்சினியர் வந்து பார்த்து, அங்கேயே நின்று அறிக்கை எழுதி, டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் உரக்கப் படித்தார்: "சேதத்துக்குக் காரணம், முன்பு தவறாகப் பூசப்பட்ட சிமெண்டுப் பூச்சு."

"தவறாக மட்டும்தானா?" என்றார் மேஸ்திரி.

"வேற என்ன எழுதணும் பெரியவரே?"

"உள்ளதை எழுதுங்க. அன்னைக்கு மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டீங்களே, அதை எழுதுங்க."

இஞ்சினியர் தலையைச் சொறிந்தார். டீச்சர் பேனாவை வாங்கித் திருத்தி நீட்ட, இஞ்சினியர் அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். 'தவறாகவும் மிக உறுதியாகவும் பூசப்பட்ட' என்று ஆயிற்று. அன்றிலிருந்து அந்த வரியின் முதல் சொல்லை விட்டுவிட்டு மீதியை மேஸ்திரி ஊர் முழுக்கச் சொல்லிவருகிறார். அந்தத் தெருவில் இன்னும் ஆறு வீட்டார் அவரையே கூப்பிட்டிருக்கிறார்கள். "சும்மாவா? என் வேலையைப் பிரிக்க என்னைத் தவிர ஆள் இல்ல" என்கிறார்.

மூன்று குழி பதிந்த பழைய சிமெண்டுப் பாளத்தை மேஸ்திரி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார். சுவர் தாங்காது என்று மனைவி சொல்லிவிட்டாள். இப்போது அது கொல்லையில் குழாயடியில் கிடக்கிறது. அதன்மேல்தான் அவள் தினமும் துணி துவைக்கிறாள். ஓங்கி ஓங்கி அடிக்கிறாள்.

"எப்படி?" என்று மேஸ்திரி தினமும் கொல்லைப்பக்கம் எட்டிப்பார்த்துக் கேட்கிறார்.

"நல்லா அழுக்குப் போகுது" என்கிறாள் அவள்.